ரயில் இல்லாத ஊரின் கேட் கீப்பர்

ஆயிரத்து நூற்றுப் பதினேழு நாள் ஓடிய நாடகம், லிப்ட் கதவு பாதி மூடியபடி, கோட்டு சூட்டுப் போட்ட நிலவன் "தாரிகா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று திறந்த வாயை மூடாதபடி, அதைப் போட்டுக்கொண்டிருந்த சேனலே இழுத்து மூடப்பட்டுக் காணாமல்போன வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, சங்கனூரணியில் பீடி சுற்றுகிற பெண்கள் பதினோரு பேரும், யாரோ கட்டத் தொடங்கிக் கூரை மட்டும் போட்டு விட்டுப்போன கதவில்லாத வீட்டுக்குள் மடியில் சொளவுமுறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மத்தியானம் வரை வாயே திறக்கவில்லை. சாவு வீட்டில்கூட அந்த ஊர் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை.

"அந்த மூதேவி என்னதான் சொல்ல வந்தாம்னு தெரியாமலே நான் போயிச் சேந்துருவேன் போலுக்கு," என்றாள் கடைசியில் இசக்கியம்மாள். ஐம்பத்தைந்து வயது, திட்டுவதற்கென்றே தனியாக ஒரு மூச்சு வைத்திருப்பவள்.

"நான் சொல்லட்டா?" என்றது நிலவனின் குரல்.

பதினோரு தலையும் திரும்பின. பன்னிரண்டாவது ஆளாகச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சுயம்புகனி. பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு பீடி சுற்ற வந்தவள், வந்த முதல் வாரமே, சரியில்லாத பீடியைக் கழிவு என்று ஒதுக்குகிற பீடிக்கடைச் செக்கர் மூக்கால் பேசுகிற பேச்சைச் சுவருக்குப் பின்னாலிருந்து பேசி, "இன்னைக்குக் கழிவு கெடயாது, எல்லாத்தையும் எடுத்துக்கிடுதேன்" என்று அறிவித்து, அரைமணி நேரத்துக்கு அந்த வீட்டைச் சொர்க்கமாக்கியவள். பஞ்சாயத்துத் தலைவரின் மைக் குரல், மினிபஸ் கண்டக்டரின் விசில், எட்டாம் வகுப்பு சயின்ஸ் டீச்சரின் பெருமூச்சு, இசக்கியம்மாள் வீட்டுச் சேவல் என்று எந்தக் குரலும் அவள் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருந்தது.

அன்றைக்கே ஒரு வழக்கம் பிறந்தது. கதை சொல்கிறவள் பீடி சுற்ற வேண்டாம். கேட்கிற ஒவ்வொருத்தியும் தன் சொளவிலிருந்து ஒரு கட்டு அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கதைக்கட்டு என்று பெயர் வைத்தார்கள். பதினோரு பேர் சுற்றிய பதினோரு விதமான கட்டு ஒரே கூடையில் போவதைப் பார்த்துச் செக்கர் குழம்பியது தனிக்கதை.

முதல் நாள் கதை தோற்றது. லிப்டுக்குள் நிலவன், "உன்னைத்தான் விரும்புறேன்" என்று சொன்னான். தாரிகா அழுதாள். வெட்டிப் போட்ட இலைத்துண்டுகள் சுயம்புவின் மேல் வந்து விழுந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள் மைமூன். "இதுக்கா நான் மூணு வருசம் நோம்பு திறந்த கையோட டிவி முன்னால ஓடுனேன்?"

அது தோற்றதற்குக் காரணம் சுயம்புவுக்குப் புதன்கிழமைதான் பிடிபட்டது. இவர்களுக்கு வேண்டியது அவன் சொன்ன சொல் இல்லை. சொல்லப்போகிற அந்த நிமிடம்தான் திரும்பத் திரும்ப வேண்டும். அதற்கு லிப்ட் எதற்கு?

"யக்கா, நிலவன் மெட்ராசுல பணக்கார வீட்டுல பொறக்காம நம்ம ஊருல பொறந்திருந்தாம்னு வையி," என்றாள். பதினோரு கையும் நின்றன. "ஆட்டு டாக்டரா இருக்கான். தாரிகா வீட்டு வெள்ளாட்டுக்கு வயிறு ஊதிக்கிட்டு."

மறுநாள் வியாழக்கிழமை காலையில், நேற்றுவரை குட்டிச்சுவராகக் கிடந்த இடத்தில் ஒரு கால்நடை மருந்தகம் இருந்தது, அதன் வாசலில் பெயிண்ட் உரிந்த பலகை இருந்தது, உள்ளே போன வருடக் காலண்டர் தொங்கியது, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிலவன் ஒரு கிடாக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், பேசுவதற்கு முன்னால் மூன்று முறை தலையைத் திருப்பினான். நாடகத்தில் அவன் முகத்தை மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கழுத்து இழுப்பு என்றுதான் சங்கனூரணி மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தது, சுயம்புவும் அப்படியே கதையில் சொல்லியிருந்தாள், அவனும் அப்படியே வந்து சேர்ந்தான். தாரிகா தெற்குத் தெருவில் இருந்தாள். அழுதால் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

டீக்கடைக்காரர் அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து, சீனி கம்மியா என்று கேட்டார். தலையாரி வந்து, ஆதார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை சுயம்பு புதுக் கதை தொடங்கினாள், அடுத்த வியாழக்கிழமை மருந்தகம் குட்டிச்சுவரானது, நிலவன் மினிபஸ் டிரைவராக வந்தான், தாரிகா தினமும் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள், இரண்டு பேருக்கும் போன வாரம் ஒன்றும் ஞாபகமில்லை, அவர்கள் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதைப் பார்க்க ஊரே டிக்கெட் எடுத்தது. ஒரு வாரம் நிலவனுக்குக் கண் தெரியவில்லை. ஒரு வாரம் இரண்டு பேருக்கும் எழுபது வயது. அப்போதும் அவன் மூன்று முறை கழுத்தைத் திருப்பினான், "அவனேதான்" என்று இசக்கியம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு வாரம்தான் சறுக்கியது. பஞ்சாயத்துத் தலைவர் ஆள்விட்டுச் சொன்னதால் சுயம்பு அவர்களை ராஜா ராணியாக்கினாள். ராஜா பேசுகையில் கழுத்தை ஆட்டக்கூடாது, ராணி அழக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிரீடத்தோடு இரண்டு பேர் வந்து ஏழு நாள் ஊருணிக்கரையில் நின்றார்கள். அதே முகம், அதே உயரம். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. "யாரோ எவரோ," என்றாள் மைமூன்.

இத்தனை கதைக்கும் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். பேச்சித்தாய். சுயம்புவின் அம்மாவுக்குத் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. அந்தக் கதவில்லாத வீட்டிலேயே வேகமாகப் பீடி சுற்றுகிறவள். அவள் பீடியில் கழிவு விழுந்து யாரும் பார்த்ததில்லை. அவள் புருசன் தவசிமுத்து, வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் அவர் அங்கே வரவே இல்லை என்றார்கள். ரயிலில் கூடப்போனவர்கள், பாதியில் எங்கேயோ தண்ணீர் பிடிக்க இறங்கினார் என்றார்கள். சித்தி தாலியைக் கழற்றவும் இல்லை, திதி கொடுக்கவும் இல்லை.

சுயம்பு பேசாத குரல் அந்தச் சித்தப்பாவின் குரல் ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் ஒரு சாயங்காலம், பேசித்தான் பார்ப்போமே என்று சித்தி வீட்டு வாசலில் நின்று "ஏ பேச்சி, கதவத் தொற" என்றாள். உள்ளே ஏதோ உருண்டது. ஓடிவந்து கதவைத் திறந்த சித்தி, வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சித்தி, ஒரு செவ்வாய்க்கிழமை பீடிக்கடையில் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, நடையை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏட்டி, கதையில இருக்கவன்தான் வருவானா? நெசத்துல இருந்தவுக வரமாட்டாவளா?"

"தெரியலையே சித்தி," என்றாள் சுயம்பு, தன் குரலில்.

"போட்டுப் பாரு. வந்தா வாராவ."

சுயம்பு விடிய விடிய யோசித்தாள். சித்திக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று, சொன்ன நேரத்துக்கு வருகிறவராக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவராக, சட்டையில் மைக்கறைகூட இல்லாத தபால்காரராக அவரைப் போட்டாள். பயத்தில் அவருக்குக் குரலும் செய்தி வாசிக்கிறவர் குரலாக வைத்துவிட்டாள். வியாழக்கிழமை வந்தார். அதே சுருட்டை முடி, அதே சற்றுச் சாய்ந்த நடை. ஊர்ப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார். யாரையும் அவருக்குத் தெரியவில்லை.

சித்தி நல்ல சேலை உடுத்திக்கொண்டு தபாலாபீஸ் போனாள். கால்மணி நேரத்தில் திரும்பிவந்து சொளவை எடுத்தாள். பெண்கள் காத்திருந்தார்கள்.

"முகம் அவியதான்," என்றாள். நூலைப் பல்லால் கடித்தாள். "ஆனா அவிய இல்ல. எத்தன மணிக்கு வந்தியன்னு கேட்டேன். ஒம்பது இருவதுங்காவ. கடிகாரத்தப் பாத்தேன். ஒம்பது இருவதுக்குத்தான் வந்திருக்காவ."

இசக்கியம்மாள்தான் முதலில் சிரித்தாள். "தவசியா? தவசி உண்மை சொன்னானா? முடிவெட்டப் போயிட்டு வாரேன்னுட்டுப் போவான், வரும்போது முடி போனத விட நெறைய இருக்கும்."

"எங்க வாப்பா மவுத்தாயி அடக்கத்துக்கு வராததுக்குச் சொன்னாவ பாரு," என்றாள் மைமூன். "வாரப் பாதையில ஒரு யானைக்கு முள்ளு எடுத்துவிட்டேன், அது விடமாட்டேனுட்டுன்னு. எங்க உம்மா அழுத கண்ணோட சிரிச்சிட்டா."

அப்படித் தொடங்கியது. பதினோரு பேரும் ஆளுக்கொரு பொய்யை எடுத்துக்கொடுத்தார்கள், கொலுசு போட்ட கெண்டைமீனைக் கிணற்றில் பார்த்த பொய், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தன் பெயரை வைக்கப்போகிறார்கள் என்ற பொய், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு நாளைக்கு மழையில் கல்கண்டு விழும் என்று சொன்ன பொய். ஒன்றில்கூட ஒரு காசு பிரயோஜனம் கிடையாது, எல்லாம் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து அந்த நிமிடத்தில் முளைத்தவை. சுயம்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"கடைசியா எங்கிட்டச் சொன்னது ஒண்ணு இருக்கு," என்றாள் சித்தி. "எட்டு நாள்ல வந்துருவேன்."

சுயம்பு சித்தியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அத விட்டுருவோம் சித்தி."

"அத விட்டா அவிய ஏது? அதையும் போடு."

அடுத்த புதன்கிழமை, ஐந்து வருடம் தொண்டைக்குள் பூட்டி வைத்திருந்த குரலைத் திறந்து, சுயம்பு சித்தப்பாவைப் பேசினாள். சித்தி நிமிரவில்லை. அவள் கையில் இருந்த பீடி மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது.

வியாழக்கிழமை சங்கனூரணிக்குத் தண்டவாளம் வந்திருந்தது. பருத்திக்காட்டில் தொடங்கி நடுநிலைப்பள்ளிக்குப் பின்னால் ஊருணியில் முடிந்தது. முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. பீடிக்கடைக்குப் போகிற ரோட்டின் குறுக்கே ஒரு ரயில்வே கேட், பக்கத்தில் மஞ்சள் அடித்த சின்ன அறை, கையில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாகத் தவசிமுத்து. காலை பத்து மணிக்குக் கேட்டை மூடினார். ஊர் இரண்டு பக்கமும் வந்து நின்றது.

ரயில் வராது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மினிபஸ் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். தலைமையாசிரியர் முதல் மணியைக் கால்மணி நேரம் தள்ளிவைத்தார். ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்க வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைத் தட்டி, "பொதுமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள், கேட் மூடியிருக்கும் சமயத்தில் குனிந்து போகக் கூடாது, ரயில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி" என்று அறிவித்தார்.

சித்தி இடுப்பில் பீடிக்கூடையோடு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். சுயம்பு வெள்ளரிக்காய்க்காரருக்குப் பின்னால்.

"ரெண்டே நிமிசம் தாயி," என்றார் தவசிமுத்து. "வண்டி பக்கத்து ஸ்டேசன விட்டுட்டு."

"எந்த வண்டி?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சுயம்புவுக்குத் தெரிந்தது, இப்போது ஒரு பொய் முளைக்கும்.

"டெல்லி வண்டி. மந்திரி வாராரு அதுல."

"அவருக்கு இங்க என்ன சோலி?"

"கெண்டைமீன் வாங்கத்தான். அவுக வீட்டுல இந்த ஊருணி மீன்தான் வேணுமாம். போன மாசம் அவரு மச்சினன் வந்து வாங்கிட்டுப் போனாரு."

சித்தி சிரித்தாள். சத்தமாக ஒன்றும் இல்லை. தோள் குலுங்கி, கூடையில் மேலாக இருந்த கட்டு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவர் கேட்டுக்குக் கீழே குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார். கேட்டின் இரண்டு பக்கமும் நின்ற ஊர், அதைப் பார்க்காததுபோல வெள்ளரிப்பிஞ்சு தின்றது.

அதற்குப் பிறகு சுயம்பு கதை சொல்லவில்லை. புதுக் கதை தொடங்கினால் இது போய்விடும், அது எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை வந்தது, போனது. அடுத்த புதன்கிழமையும். பெண்கள் வெறும் வாயோடு சுற்றினார்கள், கை தூங்கியது, கழிவு கூடியது, செக்கர் மூக்கால் கத்தினார். நிலவனும் தாரிகாவும் எங்கே எப்படிப் பாதியில் நிற்கிறார்களோ என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்குக் கதையே புடிக்காதுட்டி," என்றாள் இசக்கியம்மாள், வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் திட்டாமல். "தலவலி வருது."

சித்தி தினமும் கேட்டடியில் நின்றாள். மோர் கொண்டுபோனாள். அவரும் ஒரு நாளைக்கு ஒரு ரயில் சொன்னார்: உப்பு ஏற்றிய ரயில், கல்யாணக் கோஷ்டிக்காகவே விட்ட ரயில், டிரைவர் இல்லாமல் மாடு மாதிரி வழி தெரிந்து வருகிற ரயில். அவள் நடை மாறியது. ஒரு நாள் பாட்டுகூட முணுமுணுத்தாள் என்று மைமூன் சத்தியம் செய்தாள்.

நாலாவது வாரத் திங்கட்கிழமை, கேட்டில் இருந்து நேராகக் கதவில்லாத வீட்டுக்கு வந்து, சொளவை எடுக்காமல் நின்றாள் சித்தி.

"சொந்த வீடு எங்கன்னு கேட்டேன்," என்றாள். "தெக்கங்காவ. பொண்டாட்டி இருக்காளாம். பீடி சுத்துதாளாம். எட்டு நாள்ல வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்காவ."

சித்தி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எப்ப வந்தியன்னேன். முந்தாநேத்துத்தாங்காவ. கேட்டுக் கம்பியப் பாத்தேன். ஒம்பது வருசத் துரு இருக்கு அதுல."

அந்த எட்டு நாளை வேண்டாம் என்றவள் சுயம்பு. போடு என்றவள் சித்தி. போட்டது போட்டபடியே வந்து நிற்கிறது, எங்கேயோ ஒரு பேச்சித்தாயையும் சேர்த்து வைத்துக்கொண்டு.

"பெறகு ஏன் போவலன்னு கேட்டேன்," என்றாள் சித்தி. "கேட்ட மூடிட்டேன்லா, இந்த வண்டி போயிட்டா கெளம்பிருவேங்காவ."

"சித்தி..."

"இது மட்டும் பொய் இல்லட்டி. கண்ணப் பாத்தேன்." சித்தி உட்கார்ந்தாள். சொளவை மடியில் வைத்து, இலையை எடுத்து, கத்தரியைத் தேடினாள். "அங்க ஒருத்தி இப்படி உக்காந்திருப்பா. நான் இங்க மோரு கொடுத்துச் சிரிச்சிக்கிட்டு நிக்கேன். புதங்கெழம அந்த ரயில விட்டுரு."

"விட்டா அவிய போயிருவாவளே."

"போவட்டும். வீட்டுக்குத்தான போறாவ."

புதன்கிழமை சுயம்பு ரயிலை ஓட்டினாள். வாயாலேயே ஓட்டினாள், தூரத்துக் கூவல், தண்டவாள அதிர்வு, சக்கரம் இணைப்பில் ஏறி இறங்குகிற தாளம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பருத்திக்காட்டிலிருந்து அது வந்தது. உப்பு மூட்டை ஏற்றிய பெட்டிகள் வந்தன, கல்யாணக் கோஷ்டி ஜன்னலில் கையாட்டியது, இஞ்சினில் டிரைவர் இல்லை, நடுப்பெட்டியில் ஒரு மந்திரி கும்பிட்டபடி நின்றார், கடைசிப் பெட்டியில் அவர் மச்சினன் ஈரத் துணியில் சுற்றிய மீனோடு உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க நின்று பார்த்தது. ரயில் ஊருணிக்குள் இறங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் போய்விட்டது.

தவசிமுத்து கேட்டைத் தூக்கினார்.

"நான் சொன்னேன்லா," என்றார் சித்தியிடம்.

"சொன்னிய."

அவர் அறைக்குள் போய் ஒரு பையை எடுத்துவந்தார். கொடிகளைச் சுருட்டி வாசலில் சாத்தினார்.

"நேரா வீட்டுக்குப் போங்க. நடுவுல எங்கயும் எறங்காதிய, நிக்காதிய."

"எங்க நிக்கப்போறேன் தாயி, ஓட்டமா ஓடிருவேன்," என்று சொல்லிவிட்டு, நாற்பது அடி தள்ளி இருந்த டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தார். அதன் பிறகு தெற்கே நடந்தார். அவர் வளைவு திரும்பியபோது, கேட் இருந்த இடத்தில் ரோடுதான் இருந்தது.

அன்று மத்தியானம் பதினோரு பேரும் வந்தார்கள். யாரும் கேட்காமலே சுயம்பு சொன்னாள், கதை இன்னும் மீதி இருந்ததால். தெற்கே பெயர் தெரியாத ஓர் ஊர், வெயில் சாய்ந்த நேரம், ஒருத்தி நூல் கண்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள், வாசலில் ஒரு நிழல் விழுகிறது. பையைக் கீழே வைக்கிறார். நடுவில் ஒரு யானைக்கு முள் எடுக்க நேர்ந்துவிட்டது என்கிறார். அவள் நிமிர்கிறாள்.

சுயம்பு நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் குரல் அவளுக்கு வரவில்லை. தொண்டையைச் செருமினாள், மறுபடி முயன்றாள். எல்லாரும் பேச்சித்தாயைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"ஏன் நேரமாச்சின்னு கேக்கமாட்டா," என்றாள் சித்தி. இலையில் தூளை நிரவினாள், உருட்டினாள், முனையை மடக்கினாள். "சாப்ட்டியளான்னு கேப்பா."

"அவிய என்ன சொல்லுவாவ?" என்றாள் சுயம்பு.

"வார வழியில பெரிய விருந்து, வயிறு நெறஞ்சி கெடக்குன்னு சொல்லுவாவ." சித்தி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "அவ எந்திரிச்சி சோத்துக்கு ஒல வைக்கா."